மண்ணைப் பார்த்து மாட்டு வகையை முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்லைவரை போய்த் திரும்பும் மாட்டு வண்டி எல்கைப் பந்தயத்தைத் தார்ச்சாலையிலிருந்து இறக்கி மண் தடத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு தொண்டி முதல் சாயல்குடி வரை நம் கடற்கரை ஊர்களில் அடிபடுகிறது. நல்ல யோசனைதான். பேருந்தும் ஆம்புலன்ஸும் நிற்க வேண்டாம். வண்டிக்குப் பின்னால் நூறு பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு விரட்டுவதும் நிற்கும். ஆனால் பேச்சைத் தொடங்கும் இடம்தான் சரியில்லை. மாட்டின் உயரத்தை வைத்து, பெரியதிலிருந்து சின்னது வரை பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று சாலைப் பந்தய நோட்டீஸில் இருக்கும் வகைகளை அப்படியே எடுத்து எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் இடம் தேடுகிறார்கள். சாலை எல்லா ஊரிலும் ஒரே சாலை. மண் அப்படியில்லை. கீழக்கரை மணலில் ஓடக்கூடிய பூட்டு, அதாவது வண்டியில் பூட்டிய ஜோடி, வேறு, திருப்பாலைக்குடிக் களியில் ஓடக்கூடிய பூட்டு வேறு. இடத்தையும் மண்ணையும் முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த மண் எந்த வகையைத் தாங்குமோ அதை மட்டும் நோட்டீஸில் போட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் மணல் கணக்கைப் பார்ப்போம். பந்தய வண்டி 150 கிலோ, சாரதியும் துணைச்சாரதியும் சேர்ந்து 120 கிலோ, ஆக 270 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தாரில் இதை உருட்ட, எடையில் சுமார் 2 சதவீதம் இழுத்தால் போதும். ஐந்தரை கிலோ இழுவை. மாட்டுக்கு அது ஒன்றுமேயில்லை. அதே வண்டியை ஏர்வாடிப் பக்கத்துக் காய்ந்த மணலில் விட்டால், இரும்புப் பட்டா போட்ட ஒல்லிச் சக்கரம் மூன்று விரற்கடை புதையும். இழுவை எடையில் 20 சதவீதத்தைத் தொடும். 54 கிலோ.

மாடு எவ்வளவு இழுக்கும்? நடை வேகத்தில் நாள் முழுக்க உழும் ஜோடி, தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இழுக்கும் என்பது பொதுவான கணக்கு. எடை பார்க்கத் தராசு மேடை தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரையுள்ள நீளத்தால் இன்னொரு முறை பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வந்துவிடும். 175 சுற்றும் 150 நீளமும் உள்ள பெரிய மாடு 424 கிலோ. ஜோடி 850ஐ நெருங்கும். 140 சுற்றும் 120 நீளமும் உள்ள கரிச்சான் 217 கிலோ, ஜோடி 434. பூஞ்சிட்டு 120 சுற்றும் 105 நீளமும் என்றால் 140 கிலோ, ஜோடி 280.

இப்போது அந்த 54 கிலோ இழுவையை இவற்றின் கழுத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய ஜோடிக்கு அது உடல் எடையில் ஆறு சதவீதம். கரிச்சானுக்குப் பன்னிரண்டுக்கு மேல். பூஞ்சிட்டுக்கோ பத்தொன்பது. உழவு மாடு நடந்து இழுப்பதைவிட அதிகமான சுமையை, சின்ன மாடு நாலுகால் பாய்ச்சலில் இழுக்க வேண்டும். "சின்ன மாடுதானே, சும்மா மணலில் ஓடட்டும், விழுந்தாலும் அடிபடாது" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கணக்கைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். விழுந்தால் அடிபடாது என்பது உண்மை. விழுவதற்கு முன்பே மூச்சு முட்டிவிடும் என்பதும் உண்மை.

ஆகவே பண்படுத்தாத மணலில் எந்த வகையும் வேண்டாம். கடலோரத்து ஈரமணல் கெட்டியாக இருக்கிறதே என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. நம் கடலில் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், அலை நனைத்துப் போகும் கெட்டிப் பட்டை மிகவும் ஒடுக்கம். இரண்டு வண்டி ஒதுங்க முடியாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரையும் அதுதான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கூட்டம் கூட்டி வண்டி ஓட்டுவது வீண் வம்பு. கடற்கரையை விட்டுவிடுங்கள்.

தடம் போட வேண்டிய இடம் ஊருக்கு உள்ளே, கருவேலம் வெட்டித் திருத்திய பொட்டல்களில். இங்கே ஒரு எச்சரிக்கை. சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டு மண்ணை மூடுவது போதாது. தூரை ஓரடி ஆழம்வரை தோண்டி எடுக்க வேண்டும். உதிர்ந்த முள்ளைப் பரம்படித்து ஒதுக்கி, தடத்துக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். அந்த முள் குளம்பின் அடியில் ஏறி உள்ளேயே ஒடிந்தால் மேலே தெரியாது. நாலைந்து நாள் கழித்து மாடு நொண்டும், சீழ் வைக்கும். பந்தயத்தன்று எல்லாம் நன்றாகத்தான் நடந்தது என்று கமிட்டி நினைத்துக்கொண்டிருக்கும்.

தடத்தின் வடிவம் வகையைத் தீர்மானிப்பதால் அதையும் சொல்ல வேண்டும். சாலையில் போய்வரும் பந்தயத்தில் முதல் வண்டி திரும்பி வரும்போது கடைசி வண்டி எதிரே போய்க்கொண்டிருக்கும். மண் தடம் குறுகியது, அங்கே இது நேருக்கு நேர் மோதலில் முடியும். போகும் தடமும் வரும் தடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். 600 மீட்டர் நீளத்தில் இரண்டு நேர்த்தடங்கள், ஒவ்வொன்றும் 10 மீட்டர் அகலம், இரு முனையிலும் அரைவட்டத் திருப்பம். திருப்பத்தின் நடுக்கோட்டு ஆரம் 20 மீட்டருக்குக் குறையக் கூடாது. இப்படி அமைத்தால் ஒரு சுற்று சுமார் 1,325 மீட்டர். விளிம்பு, ஒதுங்கும் வெளி எல்லாம் சேர்த்து 14 ஏக்கர் இருந்தால் போதும்.

20 மீட்டர் என்பது கையில் வந்த எண்ணல்ல. மணிக்கு 25 கிலோமீட்டரில் வரும் வண்டியை 10 மீட்டர் ஆரத்தில் திருப்பினால், அதன் எடையில் பாதி அளவு பக்கவாட்டில் வெளியே தள்ளும். சக்கரங்களுக்கு இடையே நாலடி, ஆட்களோடு சேர்ந்து எடைமையம் தரையிலிருந்து நாலடி என்றால், வண்டி குடைசாய்வதற்கும் சரியாக அந்த அளவே போதும். 20 மீட்டரில் தள்ளுவது கால் பங்காகக் குறைகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் சமாளிக்க இடமிருக்கும். திருப்பத்தின் நடுவில் டிரம், கல், பனந்துண்டு எதையும் அடையாளமாக நடாதீர்கள். ஓரடி உயர மண் திட்டு போதும். வண்டி அதில் ஏறினால் வேகம் குறையும், அவ்வளவுதான்.

கொடிப்பரிசைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். எல்லையில் முதலில் திரும்புகிறவருக்குக் கொடி என்ற வழக்கம், திருப்பத்துக்குள் அதிகபட்ச வேகத்தில் நுழையச் சொல்லிக் காசு கொடுப்பதற்குச் சமம். பல மைல் நீளச் சாலையில் ஒரே ஒரு திருப்பம் என்பதால் அது ஓரளவு தாங்கியது. மண் தடத்தில் கொடியைத் திருப்பத்துக்கு 150 மீட்டர் முன்பே நட்டுவிடுங்கள். கொடி வாங்கியவர் தானாகவே கயிற்றைப் பிடிப்பார்.

யூடியூபில் அமெரிக்காவின் ஸ்பிரின்ட் கார் பந்தயம் பார்க்கிற இளைஞர்கள், முழுவட்டமாகப் போட்டால் பார்வையாளருக்கு வசதி என்கிறார்கள். அந்தக் கார்களை இங்கே உதாரணம் காட்டுவதில் தவறில்லை, மண் தடத்துக்காகவே பிறந்த வண்டிகள் அவை. இஞ்சின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் அளந்து 410, 360, 305 என்று வகுப்புப் பிரிக்கிறார்கள். 410 என்பது நம் கணக்கில் 6.7 லிட்டர். 900 குதிரைத்திறன் வரை வரும். அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் தடத்தில் 1961 முதல் தேசியப் போட்டி நடக்கிறது, அந்தத் தடம் அரை மைல் மண் வட்டம். அங்கும் எந்தத் தடத்தில் எந்த வகுப்பை விடுவது என்பது ஓயாத வழக்கு. வகுப்பைக் கூட்டினால் ஒவ்வொன்றிலும் வண்டி குறைகிறது, கடைசி வகுப்பு ஓடுவதற்குள் மண் காய்ந்து வழுக்குத் தளமாகிவிடுகிறது. இந்த இரண்டு பாடமும் நமக்கு அப்படியே பொருந்தும். வட்டம் பொருந்தாது. அந்தக் கார்களில் வலது பின்சக்கரத்தைப் பெரிதாகவும் இடது பின்சக்கரத்தைச் சிறிதாகவும் போட்டு, தானாகவே இடப்பக்கம் திரும்பும்படி செய்துவிடுகிறார்கள். மாட்டுக்கு ஒரு பக்கத்துக் காலை நீட்டவா முடியும்? விடாமல் ஒரே பக்கம் திரும்பினால் உள்பக்கத்து மாடு தடையைத் தாங்கிக்கொண்டே ஓட வேண்டும். நுகம் அதன் கழுத்தில் கோணலாக ஏறும். இடப்பக்கத்து மாட்டையும் வலப்பக்கத்து மாட்டையும் நினைத்த நேரத்தில் மாற்றிப் பூட்டவும் முடியாது, பழகிய பக்கம்தான். ஆகவே நீண்ட நேர்த்தடமும் குறைந்த திருப்பமும் வேண்டும். முதல் பிரிவு இடம் திரும்பி ஓடினால் அடுத்த பிரிவு வலம் திரும்பி ஓடட்டும். எந்த ஜோடி எந்தப் பிரிவில் என்பதை மூன்று நாள் முன்பே சீட்டுக் குலுக்கிச் சொல்லிவிட்டால், பழக்க நேரம் கிடைக்கும்.

இனி மண் வேலை. மணல் மூன்று பங்கு, களி ஒரு பங்கு கலந்து நாலு அங்குலக் கனத்தில் பரப்பி உருளை ஓட்டினால், கெட்டியாகவும் இருக்கும், குளம்புக்கு மெத்தென்றும் இருக்கும். மேலே சொன்ன தடத்தின் பரப்பு சுமார் 13,250 சதுர மீட்டர். அதற்குக் களி மட்டும் 330 கன மீட்டர், நூறு கன அடி ஒரு யூனிட் என்ற நம் வழக்கில் 117 யூனிட். மண் அங்கேயே கிடக்கும் மணல்தான், களியை மட்டும்தான் கொண்டுவர வேண்டும். கண்மாய் வண்டல் பக்கத்திலேயே இருக்கிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக அள்ளாதீர்கள். எழுத்துமூல அனுமதி கையில் இல்லாமல் ஒரு டிராக்டர்கூட இறங்கக் கூடாது. பந்தயத்துக்கு வரும் எதிர்ப்பில் பாதி இதுபோன்ற காரியங்களால்தான் வருகிறது. களியை மணலுக்கு மேல் அப்படியே கொட்டி மட்டம் பார்ப்பதும் பெரிய தவறு. கொக்கிக் கலப்பையில் இரண்டு சால் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, ரோட்டவேட்டரில் ஒருமுறை கலக்கி, அதன்பின் நீர் தெளித்து உருளை போட வேண்டும். கலக்காத களி மேலே ஓடாகக் காய்ந்து, பாளம் பாளமாகப் பெயரும்.

பந்தயத்துக்கு முந்தின மாலை சதுர மீட்டருக்கு 2 லிட்டர் தண்ணீர். மொத்தம் 26,500 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கரில் ஐந்து நடைக்குச் சற்று மேல். விடிகாலையில் ஒரு கைப்பிடி மண்ணைப் பிடித்து உருண்டையாக்கிப் பாருங்கள். உருண்டை நின்று, கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டாக உடைந்தால் சரியான பதம். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கையில் பளபளவென்று ஒட்டினால் ஒரு மணி நேரம் காயவிட்டுத்தான் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் பின்னங்கால் விரிந்து மாடு உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் திருப்பங்களை மட்டும் பரம்படித்துக் கால் டேங்கர் தண்ணீர் தெளித்தால் போதும்.

தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் உப்பில் உள்ள சோடியம் களியின் பிடிப்பைக் குலைத்துவிடும். ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகும். ஒருமுறை உப்பேறிய தடத்தை அடுத்த மழைக்காலம் வரை சரிசெய்ய முடியாது. வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கம் போர் தண்ணீரையே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டேங்கரை நிரப்ப வேண்டியிருக்கிறது.

இப்படிப் பண்படுத்திய தடத்தில் இழுவை எடையில் 5 சதவீதத்துக்கு வந்துவிடும். 270 கிலோ வண்டிக்குப் பதின்மூன்றரை கிலோ. கரிச்சான் ஜோடியின் எடையில் அது மூன்று சதவீதம்தான், தாராளமாக ஓடும். இழுவை, ஜோடி எடையில் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். இதை வைத்துப் பார்த்தால் வகைகள் தாமாகவே பிரிந்துவிடும்.

பெரிய மாடு இந்தத் தடத்துக்கு வேண்டாம். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். பெரிய மாடு இல்லாத பந்தயம் ஒரு பந்தயமா என்பார்கள். அதன் பெருமை நீண்ட தூரத்து மூச்சில் இருக்கிறது. போய்வர 8 மைல் ஓடும் பூட்டை இங்கே விட்டால் பத்துச் சுற்று, இருபது திருப்பம். தூரத்தைக் குறைத்து இரண்டு சுற்றில் முடித்தால், மூச்சைச் சேமிக்கத் தேவையில்லாத மாடு முழு வேகத்தில் திருப்பத்துக்குள் வரும். 20 மீட்டர் ஆரம் அந்த வேகத்துக்குப் போட்டதல்ல. ஒரு ஜோடி 850 கிலோ என்றால் நாலு ஜோடி மூன்றரை டன். முதல் சுற்றிலேயே திருப்பத்து மண்ணை கணுக்கால் ஆழத்துக்குத் தோண்டிவிடும். அதற்குப் பிறகு வரும் சின்ன மாட்டுக்குக் கிடைப்பது பள்ளம்தான். பெரிய மாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. நீண்ட நேர்வழி கிடைக்கும் ஊர்களில் அது தனியாக நடக்கட்டும்.

நடுமாடும் கரிச்சானும்தான் இந்தத் தடத்தின் முதுகெலும்பு. இரண்டு சுற்று, 2,650 மீட்டர். நடுமாட்டுக்கு வண்டியில் இருவர் ஏறலாம். கரிச்சானுக்கும் இருவர் என்றால் வண்டியைத் தராசில் நிறுத்தே அனுமதிக்க வேண்டும். வண்டியும் ஆளும் சேர்ந்து ஜோடியின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. 434 கிலோ ஜோடிக்கு 217. வண்டி 150 என்றால் மிச்சம் 67 கிலோவுக்கு ஒரே ஆள்தான். துணைச்சாரதி வேண்டும் என்கிறவர் வண்டியை இளைக்க வைக்கட்டும்.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தாருக்காகச் செய்த ஒல்லிப் பட்டா மண்ணை அறுக்கும். பட்டா இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்தால் எல்லோருக்கும் இழுவை குறையும். விட்டம் பெரிதானாலும் குறையும். சின்ன மாட்டுக்குச் சின்னச் சக்கரம் அழகாக இருக்கிறது என்று போடுகிறார்கள், மண்ணில் அந்த அழகுக்கு மாடுதான் விலை கொடுக்கிறது. மண் உள்ளே போகாதபடி அச்சையும் சக்கரக் குடத்தையும் துணியால் சுற்றுவது, கடையாணியைக் கம்பியால் கட்டுவது இரண்டையும் பூட்டும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். தாரில் கழன்ற கடையாணி சத்தம் போடும், மண்ணில் சத்தமே கேட்காது.

பூஞ்சிட்டை நேர்த்தடத்தில் மட்டும், திருப்பமே இல்லாமல் 600 மீட்டர் விடலாம். கொங்குப் பகுதி ரேக்ளாவில் 200, 300 மீட்டர் என்று நேராக ஓடவிட்டு நேரம் எடுக்கிறார்களே, அந்த முறை இதற்குப் பொருந்தும். தனித்தனியாக விட்டு நேரம் பார்த்தால் இடிபாடும் இல்லை. ஆள் ஒருவர்தான், வண்டி 90 கிலோவுக்குள். ஆள் அறுபது கிலோ என்றால் மொத்தம் 150, 280 கிலோ ஜோடிக்கு அது பாதியைச் சற்றுத் தாண்டுகிறது என்பதால் சாரதி ஐம்பது கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்காகப் பள்ளிக்கூடப் பையனை ஏற்றுவார்கள் என்பதும் தெரியும். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் வண்டி ஏறக் கூடாது என்பதை நோட்டீஸின் முதல் வரியிலேயே அச்சடியுங்கள்.

தேன்சிட்டு வேண்டவே வேண்டாம். உயரத்தில் சின்னது என்று பூட்டப்படுவதில் பல, வயதிலும் சின்னதாக இருக்கின்றன. வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பால்பல் விழுந்து முதல் ஜோடிப் பல் முளைக்க இரண்டு இரண்டரை வயதாகும். நாலு பல் மூன்றையொட்டி, ஆறு பல் நாலையொட்டி, கடை சேர, அதாவது எட்டுப் பல்லும் நிறைய, ஐந்தாகும். இரண்டு பல் முழுதாக எழாத கன்றின் கால் எலும்பு முற்றியிருக்காது, நுகத்தின் இழுப்பு முட்டியைத்தான் தாக்கும். பூஞ்சிட்டுக்கும் இரண்டு பல் கட்டாயம், கரிச்சானுக்கும் நடுமாட்டுக்கும் நாலு பல் என்று வைத்தால் உயரத்தை மட்டும் காட்டி ஏமாற்றுவது நிற்கும்.

உயரத்தை அளக்கும் முறை ஊருக்கு ஊர் வேறுபடுகிறது, சண்டையும் அங்கேதான் பிறக்கிறது. திமிலின் மேல் அளக்காதீர்கள். திமில் தீனியைப் பொறுத்துக் கூடும் குறையும், காளைக்கும் காயடித்த மாட்டுக்கும் வேறுபடும். திமிலுக்குப் பின்னால் முதுகு மட்டமாகும் இடத்தில், சிமென்ட் தரையில், நாலு காலும் நேராக ஊன்றி, தலை முதுகு மட்டத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். ரசமட்டம் வைத்த குறுக்குச் சட்டம் தச்சரிடம் சொன்னால் அரை நாளில் செய்துகொடுப்பார். மூன்று தடவை அளந்து நடு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது மாட்டைப் பதுங்க வைப்பதற்கென்றே பழக்கியவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் விரல் வைத்தால் முதுகைத் தாழ்த்தும். அதனால் உரிமையாளர் மூக்கணாங்கயிற்றை மட்டும் பிடிக்கட்டும், வேறு யாரும் தொட வேண்டாம்.

குதிரை வண்டியையும் அதே நாளில் சேர்க்கும் ஆசை இருக்கும், கூட்டம் வரும் என்பதால். வேகமும் தடத்தின் தேவையும் வேறு. குதிரையின் கால் நரம்புக்கு ஆழமான மண் ஆகாது. மாடு கிளறிவிட்ட தடத்தில் அதை ஓடவிட்டால் முன்னங்கால் தசைநார் வீங்கித்தான் வீடு திரும்பும். தனி நாள் வையுங்கள்.

பாக் நீரிணைப் பக்கத்து ஊர்களுக்கு இந்தக் கணக்கில் பாதி மாறும். திருப்பாலைக்குடி, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் மண் களி. கண்மாய் உள்வாய் காய்ந்தால் உருளை போடாமலேயே தார் மாதிரி இருக்கும், களி கொண்டுவரும் செலவில்லை. அங்கே அஞ்ச வேண்டியது வெடிப்பு. கோடை ஏற ஏற மூன்று விரல் அகலத்துக்கு வாய் பிளக்கும். பாய்ச்சலில் வரும் மாட்டின் கால் அதில் இறங்கினால் எலும்பு முறிவுதான், அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. தண்ணீர் வற்றி, மண் காலடி வாங்காத அளவு இறுகி, வெடிப்பு விழாத அந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் பந்தயத்தை முடிக்க வேண்டும். தவறினால் மேலாக ரோட்டவேட்டர் ஓட்டி வெடிப்பை மூடி, தண்ணீர் விட்டு உருட்டினால்தான் ஆகும். மன்னார் வளைகுடாப் பக்கத்திலோ தொல்லை தருவது காற்று. ஆடிக் காற்றில் காலையில் நனைத்த தடம் ஒன்பது மணிக்குள் புழுதியாகும். முளைக்கொட்டுத் திருவிழாவோடு சேர்த்துத்தான் பந்தயம் என்று பிடிவாதம் பிடிக்கும் ஊர்கள், தண்ணீர்க் கணக்கை இரட்டிப்பாக்கிக்கொள்ளட்டும்.

எத்தனை பிரிவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நுகம் ஆறடி. 10 மீட்டர் தடத்தில் நாலு வண்டி ஒன்றாக நின்றால் இடைவெளிக்கு ஒன்பதடி மிஞ்சும். ஐந்தாவது வண்டி நின்றால் மிச்சம் மூன்றடி, அச்சு அச்சில் மாட்டும். ஆக, பிரிவுக்கு நாலு. ஓட்டம் ஆறேழு நிமிடம்தான். வரிசை கட்டுவது, சீர் செய்வது, பரம்படிப்பது எல்லாம் சேர்ந்து பிரிவுக்கு அரை மணி. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்பதென்றால் ஐந்து பிரிவு, மொத்தம் இருபது ஜோடி. பூஞ்சிட்டு ஒன்று, கரிச்சான் இரண்டு, நடுமாடு இரண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பரிசு கொடுங்கள். வென்றவர்களை அழைத்து அன்றைக்கே இறுதிச் சுற்று வைக்காதீர்கள், ஒரே காலையில் ஒரு மாட்டை இரண்டு முறை பூட்டக் கூடாது.

வரிசையும் சின்னதிலிருந்து பெரிதுக்குப் போகட்டும். இப்போது பெரும்பாலும் பெரியதில் தொடங்குவதால், பத்து மணி வெயிலில் ஓடுவது சின்ன மாடாகிவிடுகிறது. மாட்டின் உடல் வெப்பம் சாதாரணமாக 38.5 செல்சியஸ். பூட்டும் முன் கால்நடை மருத்துவர் பார்க்கும்போது 39.5ஐத் தாண்டியிருந்தால் அந்த மாடு அன்று ஓடக் கூடாது. ஓடி முடித்துக் கால் மணி நேரம் கழித்தும் வாய் திறந்து நாக்கு தொங்கினால் நிழலில் கட்டி, கால், தொடை, கழுத்து என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீரை அரை வாளி அரை வாளியாக, இடைவெளி விட்டுக் காட்டுங்கள்.

ஆணி வைத்த தார்க்கம்பு, வாலைக் கடிப்பது, முறுக்குவது ஆகியவற்றுக்கு எச்சரிக்கையெல்லாம் வேண்டாம், அந்த நிமிடமே வண்டியை வெளியேற்றுங்கள். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியது, மாட்டுக்கு நேர்ந்த துன்பத்தைக் காரணம் காட்டித்தான். 2017இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டுக்காகச் சட்டத்தைத் திருத்தியதும், அதையும் கர்நாடக, மகாராஷ்டிர மாநிலத் திருத்தங்களையும் 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டதும் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. ஒரு கைபேசி வீடியோ அதைக் கெடுக்கப் போதும்.

பார்வையாளர் தடுப்புக்கு முள்கம்பி வேண்டாம். சவுக்குக் கம்பை மூன்று மீட்டருக்கு ஒன்றாக நட்டு இரண்டு வரிசைக் கயிறு கட்டுங்கள். அதற்கு மூன்று மீட்டர் பின்னால் இன்னொரு வரிசை. திருப்பத்தின் வெளிப்பக்கம் மட்டும் யாரையும் நிறுத்தாதீர்கள், தவறிய வண்டி போவது அந்தப் பக்கம்தான்.

கடைசியாக ஒரு சோதனை. மீன் ஏலக் கூடத்தில் தொங்கும் 100 கிலோத் தராசை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். நனைத்துப் பதம் பார்த்த தடத்தில் பந்தய வண்டியை நிறுத்தி, சாரதிக்குப் பதில் மணல் மூட்டையை ஏற்றி, ஏர்க்காலுக்கும் டிராக்டருக்கும் நடுவே தராசைப் படுக்கையாக மாட்டி, நடை வேகத்தில் இழுத்துப் பாருங்கள். நேர்த்தடத்தில் ஒருமுறை, திருப்பத்தில் ஒருமுறை. முள் 11 கிலோவுக்குள் நின்றால் பூஞ்சிட்டு ஓடலாம். 17க்குள் என்றால் கரிச்சானும் நடுமாடும் மட்டும். அதற்கு மேல் என்றால் இன்னும் களி கலக்க வேண்டும், அல்லது அந்த ஆண்டு நடுமாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நோட்டீஸை அச்சுக்குக் கொடுப்பதை அந்த மாலைக்குத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
பந்தய மாடு வளர்ப்போரும் லாடம் கட்டுவோரும் சிலர்,
சாயல்குடி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்